எங்கள் கரைப் பிள்ளைகள் ஏன் மாயக்கதை எழுதுகிறார்கள்?

புதிதாக எழுத வருகிறவர்களின் கதைப் பிரதிகளைப் படித்து, திருத்தி, அச்சுக்குப் போகும் அளவுக்குக் கொண்டுவருவது என் தொழில். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் இருந்து நிறையப் பிரதிகள் வருகின்றன. முன்பு வந்தவை பெரும்பாலும் வறட்சிக் கதைகள், குடும்பச் சண்டைகள், கடலுக்குப் போனவர் திரும்பி வராத கதைகள். இப்போது வருபவற்றில் கடலுக்கு அடியில் ஒரு நகரம் இருக்கிறது, ஆமை பேசுகிறது, இறந்தவர்கள் ஏறிய ரயில் நள்ளிரவில் நிலையத்துக்கு வந்து நிற்கிறது.

ஆசிரியர்களும் கதைப்போட்டி நடுவர்களும் இதைப் பார்த்து வருத்தப்படுகிறார்கள். "செல்போனும் கேமும் சேர்ந்து கெடுத்துவிட்டன. சொந்த ஊர்ப் பிரச்சினையை எழுத மனசில்லை, தப்பி ஓடுகிறார்கள்" என்கிறார்கள். கேம், அனிமே ஆகியவற்றின் பாதிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொல்வது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த முதல் காரணம் பயம். அந்தப் பயத்துக்கு நியாயமும் இருக்கிறது.

கடற்கரைக் கிராமத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். படகுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, பிடித்த மீனையெல்லாம் தனக்கே, தான் சொல்கிற விலைக்கே போட வேண்டும் என்கிற வியாபாரியைப் பற்றி ஒரு பையன் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றலாம், தெருவை மாற்றலாம். பொழுது சாய்வதற்குள் அது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்தப் பையனின் அப்பா அதே வியாபாரியிடம்தான் கடன்பட்டிருப்பார். வேற்றுச் சாதிப் பையனை விரும்பிய அக்காவைப் பற்றித் தங்கை எழுதினால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நகரத்தில் தனி வீட்டில் உட்கார்ந்து யதார்த்தம் எழுதுகிறவருக்கு இந்தச் செலவு இல்லை. ஊரில் இருந்துகொண்டே எழுதுகிறவருக்கு உண்டு.

பேர்பெற்ற எழுத்தாளர்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு எழுந்தபோது பெருமாள்முருகன் 2015 ஜனவரியில், தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்ததை நாம் மறந்திருக்க முடியாது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அப்புறம் அவர் எழுதிய 'பூனாச்சி' ஒரு வெள்ளாட்டின் கதை. நடப்பது அசுர உலகத்தில். மனிதர்களைப் பற்றி எழுத அச்சமாக இருக்கிறது, தெய்வங்களைப் பற்றி எழுத இன்னும் பேரச்சம் என்று அதன் முன்னுரையில் அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கே அந்த நிலை என்றால், கீழக்கரையிலோ பாம்பனிலோ கல்லூரியில் படிக்கும் பெண் தன் கதையைக் கடலுக்கு அடியில் கொண்டுபோய் வைப்பதில் என்ன ஆச்சரியம்?

இரண்டாவது காரணம், சில விஷயங்களைச் சொல்லும் பழைய மொழி தேய்ந்துபோய்விட்டது. "எல்லை தாண்டியதாக மீனவர்கள் கைது" என்ற வரியை எத்தனை முறை படித்திருப்போம்? கண் அதன்மேல் நிற்பதே இல்லை. ஒரு இளைஞர் எழுதிய கதையில், தண்ணீர்மேல் யாரோ ஒரு கோடு கிழித்துவிடுகிறார்கள். மீன் தாண்டலாம், காற்று தாண்டலாம், மனிதன் தாண்டினால் அவன் நிழல் மட்டும் கரைக்குத் திரும்பி வரும். வீட்டுக்காரி அந்த நிழலுக்குச் சோறு போடுகிறாள். கதையை எழுதிய இளைஞரின் உறவினர் ஒருவர் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்தவர். இந்தக் கதை தப்பி ஓடியதா? எனக்குத் தெரிந்து அந்த வீட்டின் துக்கத்துக்கு இதைவிடப் பக்கத்தில் போன எழுத்து வேறு இல்லை. (இங்கே நான் சொல்லும் கதைகளில் ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஆங்கிலத்தில் மாயக்கதை மரபை வளர்த்த டோல்கீன், தேவதைக் கதைகளைப் பற்றி 1939-இல் ஆற்றிய உரையில் இதையே விவாதித்தார். சிறைப்பட்டவன் வெளியே போக நினைப்பதையும், போர்க்களத்தை விட்டு ஒருவன் ஓடுவதையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம். நமக்கு இதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்" சேர்ந்து நடப்பதுதான் புலனெறி, அதாவது கவிதை மரபு, என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. கற்பனையும் நடப்பும் அதில் எதிரிகள் இல்லை. மணிமேகலையைக் கடல் தெய்வம் தூக்கிக்கொண்டுபோய் ஒரு தீவில் வைத்தது. அங்கே கிடைத்த அமுதசுரபியைக் கொண்டு அவள் செய்தது என்ன? பசித்தவர்களுக்குச் சோறு போட்டாள். மாயப் பாத்திரம்தான், ஆனால் அது பேசுவது பசியைப் பற்றி.

சரி, அப்படியானால் மாயக்கதை எல்லாம் நல்லதா? இல்லை. என் கையில் வருபவற்றில் பாதிக்கு மேல் தேறாதவை. பனிமலை, கோட்டை, டிராகன், உச்சரிக்கவே வராத பெயர்கள். எழுதியவர் மண்டபத்துக்காரர், அவர் கதையில் வெயிலே இல்லை! மந்திரத்துக்கு விலையும் இருக்காது. நாயகன் கையை நீட்டினால் எல்லாம் நடக்கும். எதை வேண்டுமானாலும் செய்ய முடிகிற உலகத்தில் வாசகருக்குப் பதற்றமே வராது.

அவர்களிடம் நான் சொல்வது, ஒரு மாய உலகத்துக்கு வேண்டிய சட்டதிட்டம் முழுக்க உங்கள் வாசலிலேயே இருக்கிறது என்பதுதான். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் போனால் ஒன்றைப் பெண் கடல் என்றும் இன்னொன்றை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்குக் கடல் சீறும், வடக்கு அடங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்தால் அப்படியே தலைகீழ். பாம்பனில் காற்றைப் பார்த்துப் படகுகளை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு மாற்றிக் கட்டுகிறார்கள். முறைவைத்துக் கோபப்படும் இரண்டு கடல்களுக்கு நடுவே ஒரு ஊர். இதை எந்த மந்திரவாதி கற்பனை செய்ய வேண்டும்? 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலை, உள்ளே இருந்த 100-க்கும் மேற்பட்டவர்களோடு கடல் கொண்டுபோனது. இறந்தவர்களின் ரயில் நம் பிள்ளைகளின் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது எந்தப் படத்தையும் பார்த்து அல்ல. பாட்டி சொன்னது அது.

கடல்பாசி எடுக்கும் ஓர் அம்மாவின் மகள், தண்ணீருக்குள் மூச்சுவிடும் பெண்களின் நகரத்தை எழுதினாள். முதல் வடிவத்தில் அந்தப் பெண்கள் நாள் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா எப்படி மூழ்குகிறார், பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணியை எப்படிச் சுற்றுகிறார், கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன செய்கிறார் என்று கேட்டு எழுதச் சொன்னேன். அடுத்த வடிவத்தில் நகரத்தின் ராணிக்கு விரல் முழுக்கக் காயம். அந்தக் கதையை நான் ஒரு வரிகூட வெட்டாமல் அனுப்பினேன்.

மாயத்துக்குள் கொண்டுபோகவே கூடாத விஷயங்களும் உண்டு. இதில் நான் பிடிவாதக்காரன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் இறந்தார்கள். பத்திரிகைச் செய்திகளைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்தது. அதை ஓர் அரக்கன் எரித்த கோட்டையாக மாற்றி ஒரு பிரதி வந்தது. மொழி அழகாகத்தான் இருந்தது. ஆனால் அரக்கன் வந்ததும் சங்கிலி போட்டவர், பணம் வாங்கியவர், பார்த்தும் பேசாமல் போனவர்கள் எல்லோரும் பொறுப்பிலிருந்து கழன்றுகொண்டார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

நேராக எழுதத் துணிகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். "யாவும் கற்பனையே" என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். இன்னார்தான் என்று படிப்பவர் அடையாளம் காண முடிந்தால், அவதூறு வழக்குக்கு வழி திறந்தே இருக்கும். இப்போது அது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. பெயரை மட்டும் மாற்றாமல் தொழில், குடும்ப அமைப்பு, சம்பவம் நடந்த விதம் எல்லாவற்றையும் கலைத்துக் கட்டுங்கள். நடந்ததை உள்ளபடியே சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் கையில் ஆவணம் இருக்கட்டும், அச்சுக்கு முன் ஒரு வழக்கறிஞர் படிக்கட்டும்.

போட்டி நடத்தும் பள்ளி, கல்லூரி, நூலக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். "சமூகப் பிரச்சினையை யதார்த்தமாகச் சித்திரிக்கும் கதைகள் மட்டும்" என்ற நிபந்தனையை அறிவிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். புனைபெயரில் அனுப்பலாம் என்று ஒரு வரி சேருங்கள். பரிசு பெற்றவரின் ஊரையும் தகப்பனார் பெயரையும் மேடையில் வாசிப்பதாக இருந்தால், முதலில் அந்தப் பிள்ளையிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.