எண்ணை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள்

"வினா வங்கி ரெடி சார்" என்று ஒரு பள்ளியிலிருந்து கோப்பு அனுப்பியிருந்தார்கள். திறந்தால், ஆறாம் வகுப்புக் கணக்கின் பழைய வினாத்தாள்களை வரிசையாக ஒட்டி, எண்களை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். எத்தனை பள்ளியில்தான் இதையே பார்ப்பது? பயிற்சி வகுப்பு எடுக்கப் போகிற இடமெல்லாம் இதே நம்பிக்கை, எண்ணை மாற்றிவிட்டால் அதே கேள்வியை வருடா வருடம் கேட்கலாம், மதிப்பெண்ணையும் போன வருடத்தோடு ஒப்பிடலாம் என்று.

அந்தக் கோப்பிலிருந்தே ஒன்று சொல்கிறேன். பழைய தாளில் "0.45, 0.6 இதில் எது பெரியது?" என்று இருந்தது. அருமையான கேள்வி. 45 என்பது 6ஐவிடப் பெரியது, ஆகவே 0.45தான் பெரியது என்று நினைக்கிற பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும், நமக்கும் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். புதுத் தாளில் அதை 0.65, 0.4 என்று மாற்றியிருக்கிறார்கள். இப்போது அதே தவறான எண்ணத்தோடு அதே பிள்ளை 0.65 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகும்! ஆசிரியரும் தசம எண் நன்றாகப் புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

கழித்தலிலும் இதே கதைதான். 52லிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், கடன் வாங்கத் தெரியாத குழந்தை ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து 35 என்று எழுதும். அதை 57, 22 என்று மாற்றினால் கடன் வாங்கும் வேலையே இல்லை. 304, 157 என்று மாற்றினால் நடுவில் பூஜ்யம் வந்து கணக்கு இன்னும் கடினமாகிவிடுகிறது, அப்புறம் "இந்த வருட பேட்ச் சரியில்லை" என்று பிள்ளைகள்மேல் பழி. 63, 28 என்று மாற்றியிருந்தால் சரி. கடன் வாங்காத குழந்தை 45 என்று எழுதும், அதே தவறு அப்படியே தெரியும்.

ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி என்று இயற்பியலில் ஒரு தேர்வு உண்டு, விசை பற்றிய அடிப்படை புரிந்திருக்கிறதா என்று கொடுத்த விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பார்ப்பது, 1992இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எண்ணே அதிகம் வராத அந்தக் கேள்விகளை இன்றும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அதிலுள்ள தவறான விடைகள் மாணவர்கள் வழக்கமாக நம்புகிற தவறுகள் என்பதால்தான் அது இத்தனை வருடம் தாங்குகிறது. நம் ஒரு மதிப்பெண் வினாக்களில் நான்காவது விடையை எப்படி எழுதுகிறோம்? இடம் நிரப்ப ஏதோ ஒன்று. தயவுசெய்து அதை விடுங்கள், உங்கள் பிள்ளைகளின் விடைத்தாளிலேயே எத்தனை நல்ல தவறுகள் கிடக்கின்றன!

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, எந்தத் தவறைப் பிடிக்க இது என்று ஒரே வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தக் கேள்வி வங்கிக்கு வேண்டாம். திருத்தி முடித்த கையோடு, எந்த விடையை எத்தனை பேர் எழுதினார்கள் என்று குறித்து வையுங்கள். 40 பேர் வகுப்பு என்றால் மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 11 பேரிலும் கீழே உள்ள 11 பேரிலும் அந்தக் கேள்வியை எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று தனித்தனியாக எண்ணுங்கள் (இரு பக்கமும் 27 சதவீதம் எடுப்பது வழக்கம்). கீழே உள்ளவர்கள் அதிகமாகச் சரியாக எழுதி, மேலே உள்ளவர்கள் தவறவிட்டிருந்தால், முதலில் உங்கள் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள், அப்புறம் கேள்வியின் வாக்கியத்தைப் படியுங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும்.

இன்னொன்று. தேர்வு முடிந்த மாலையே வினாத்தாளைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுக்களில் போடுகிறீர்களே, ஏன்? மறுபடி கேட்க வைத்திருக்கும் கேள்விகளைத் தனித் தாளில் கொடுத்து, மணி அடித்ததும் எண்ணித் திரும்ப வாங்குங்கள். அப்படியும் ஒன்று வெளியே போய்விட்டதா, பரவாயில்லை, அதை வகுப்பில் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டு, அதே தவறைப் பிடிக்கிற வேறு கேள்வி ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்.