ஜன்னல் திரைக்குப் போகும் இரண்டு கம்பிகள்

சீலிங் ஃபேனுக்குக் கன்டென்சர் மாற்றும்போது கம்பியை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். ஃபேன் சுற்றும், ஆனால் காற்று வராது. இறக்கை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் காற்றைக் கூரைக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். ஃபேனில் இது தவறு. ஜன்னல் திரையை ஏற்றி இறக்கும் மோட்டாருக்கோ இந்தத் தவறுதான் பிழைப்பே.

ரோலர் ப்ளைண்ட்ஸின் துணி சுற்றியிருக்கும் குழாய்க்குள்ளேயே இந்த மோட்டார் படுத்திருக்கும். ட்யூப்லர் மோட்டார் என்பார்கள். பெரிய ஜன்னல்களுக்கும் பால்கனித் திரைகளுக்கும் வருவது பெரும்பாலும் 230 வோல்ட் வகை. அதிலிருந்து நான்கு கம்பிகள் வெளியே வரும். நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழுப்பும் கறுப்பும் ஃபேஸ் வாங்குபவை. பழுப்புக்குக் கொடுத்தால் ஒரு திசை, கறுப்புக்குக் கொடுத்தால் மறு திசை. எது மேலே, எது கீழே என்பது மோட்டாரைக் குழாயின் இடது முனையில் மாட்டினோமா வலது முனையில் மாட்டினோமா என்பதைப் பொறுத்தது. தலைகீழாக ஓடினால் இரண்டையும் மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

உள்ளே ஒரே அளவில் இரண்டு சுருள்கள். அவற்றுக்கு இடையே பாலமாக ஒரு கன்டென்சர். பழுப்பில் ஃபேஸ் வந்தால் முதல் சுருளுக்கு மின்சாரம் நேரே போகும். இரண்டாவது சுருளுக்குக் கன்டென்சர் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த வழியில் போகும் மின்னோட்டம் நேர்வழியில் போவதோடு ஒத்துப்போகாது; ஏறக்குறைய கால் சுற்று முன்பின்னாக இருக்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, ஆக ஒரு சுற்று 20 மில்லிநொடி, கால் சுற்று 5 மில்லிநொடி. இந்த 5 மில்லிநொடி வித்தியாசத்தால் இரண்டு சுருள்களின் காந்தப்புலமும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்துக்கு வந்து, ஒரு சுழலும் காந்தப்புலம் உருவாகிறது. நடுவிலிருக்கும் ரோட்டார், அதாவது மோட்டாரின் சுழலும் பாகம், அதன் பின்னாலேயே ஓடுகிறது. ஃபேஸைக் கறுப்புக்கு மாற்றினால் முந்தும் சுருளும் பிந்தும் சுருளும் இடம் மாறும், திசையும் மாறும்.

இரண்டு கம்பிக்கும் ஒரே நேரத்தில் ஃபேஸ் கொடுத்தால்? கன்டென்சரின் இரு முனையிலும் ஒரே மின்னழுத்தம். அதன் வழியே எதுவும் பாயாது. இரண்டு சுருளும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கும். சுழலும் புலம் கிடையாது. மோட்டார் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டு சூடேறும்.

எங்கள் வீட்டில் முதல் திரையை மாட்டியவர் போர்டில் சாதாரண ஸ்விட்ச் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மேலே போக ஒன்று, கீழே வர ஒன்று. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. இரண்டு நாளில் வீட்டுச் சிறுவன் இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டான். உறுமலைக் கேட்டு ஓடிவந்து அணைத்ததால் மோட்டார் தப்பியது. இதற்கென்றே விற்கும் ஸ்விட்சுகளில் ஒரு பக்கம் அமுங்கினால் மறுபக்கம் எழுந்துவிடும். இரண்டும் சேர்ந்து அமுங்கவே முடியாது. அது கிடைக்காத ஊரில் ஒரு நல்ல உபாயம் உண்டு. மாடிப்படி விளக்குக்குப் போடும் டூ-வே ஸ்விட்ச் ஒன்று, சாதாரண ஸ்விட்ச் ஒன்று. சாதாரண ஸ்விட்ச் மின்சாரத்தை விடும் அல்லது நிறுத்தும். டூ-வே அதைப் பழுப்புக்கோ கறுப்புக்கோ திருப்பிவிடும். இரண்டு பக்கமும் போக அதற்கு வழியே இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே திசையை மாற்றக் கூடாது. நிறுத்தி, அரை நொடியாவது விட்டு, பிறகு மாற்ற வேண்டும்.

திரை உச்சிக்குப் போனதும் தானாக நிற்கிறதே, அது எப்படி? குழாயோடு சேர்ந்து சுற்றும் ஒரு வளையம் மோட்டாரின் தலைப்பகுதியில் இருக்கிறது. அது சின்னப் பல்சக்கரங்களை நகர்த்தி, குழாய் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுகிறது. குறித்த எண்ணிக்கை வந்ததும் அந்தத் திசைக்கான இணைப்பைத் துண்டித்துவிடும். கடிகார வேலை மாதிரி இருக்கிறது அல்லவா? இத்தொழிலின் மூத்த நிறுவனங்களில் ஒன்றான சோம்ஃபி 1969-இல் தொடங்கியது பிரான்சின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள க்லூஸ் என்ற ஊரில். கடிகாரப் பாகங்கள் செய்து பிழைத்த பள்ளத்தாக்கு அது.

சூட்டுக்கும் ஒரு காவல் உள்ளே இருக்கிறது. இந்த மோட்டார்கள் பெரும்பாலும் தொடர்ந்து நான்கு நிமிடம் போல ஓடத்தான் செய்யப்பட்டவை. குழந்தைகள் விளையாட்டாக ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் சட்டென்று செத்ததுபோல் நின்றுவிடும். எரிந்துபோகவில்லை. ஆறவிட்டால் மீண்டும் ஓடும்.

இனி எலெக்ட்ரீஷியன்களையே குழப்பும் இடம். ஒரே ஹாலில் இரண்டு ஜன்னல், இரண்டு திரை. இரண்டு விளக்கை ஒரே ஸ்விட்சில் போடுகிறோமே, அதேபோல் இரண்டு மோட்டாரையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். சேர்த்தால் முதல் நாளே வேடிக்கை தொடங்கும். ஒரு திரை முதலில் உச்சிக்குப் போய் நிற்கும். மற்றது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். அப்போது நின்ற திரை கொஞ்சம் இறங்கும், ஏறும், இறங்கும், ஏறும்; தலையாட்டிக்கொண்டே இருக்கும்.

காரணம் அந்தக் கன்டென்சர்தான். ஓடும் மோட்டாரில் நாம் ஃபேஸ் கொடுக்காத கம்பியும் சும்மா இருப்பதில்லை. கன்டென்சர் வழியாக அதிலும் மின்னழுத்தம் ஏறியிருக்கும். 230-ஐத் தாண்டவும் செய்யும். டெஸ்டரை வைத்தால் எரியும். ‘ரிட்டர்ன் வருது’ என்று வயரிங்கைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. இரண்டு மோட்டாரின் இறக்கும் கம்பிகளும் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தால், ஓடும் மோட்டாரின் அந்த மின்சாரம் நின்ற மோட்டாருக்குள் புகுந்து ‘இறங்கு’ என்கிறது. கொஞ்சம் இறங்கியதும் மேல் எல்லை ஸ்விட்ச் மறுபடி சேர்ந்துகொள்கிறது. ‘ஏறு’ என்ற பழைய கட்டளை திரும்பவும் கிடைக்கிறது. இப்படியே விட்டால் உள்ளிருக்கும் தொடுமுனைகள் கருகும், கன்டென்சரும் போகும். ஆகவே ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனித் தொடுமுனை வேண்டும். ஒரே பொத்தானில் இரண்டும் ஓட வேண்டுமென்றால் நடுவே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) போட்டுப் பிரித்தாக வேண்டும்.

கைபேசியிலிருந்தே இயக்கலாம், ஹோம் ஆட்டோமேஷன் என்று சொல்லி விற்கும் தீப்பெட்டி அளவுப் பெட்டியின் உள்ளே இருப்பதும் ரிலேதான். ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் அதைப் பதுக்கிவிடலாம். அதற்கு எப்போதும் மின்சாரம் வேண்டும், ஆகவே நியூட்ரலும் வேண்டும். அமெரிக்காவின் பழைய வீடுகள் பலவற்றில் ஸ்விட்ச் பெட்டிவரை நியூட்ரல் வருவதில்லை. அங்கே இது தலைவலி. நம் போர்டுகளில் ஸ்விட்சுகளோடு ஒரு பிளக் பாயின்டும் இருக்கும் என்பதால் நியூட்ரல் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கும்.

இப்படி மாற்றியதும் சுவர் ஸ்விட்சின் வேலை மாறிவிடுகிறது. அதன் கம்பி மோட்டாருக்குப் போகாது, பெட்டிக்குப் போகும். ஸ்விட்ச் கேட்கும், பெட்டி முடிவெடுக்கும். இரண்டையும் அழுத்தினாலும் பெட்டி ஒன்றைத்தான் நிறைவேற்றும், திசை மாற்றும்போது இடைவெளியும் விடும். இதை மென்பொருளை மட்டும் நம்பி விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ரிலே தொடுமுனை ஒட்டிக்கொண்டால் மென்பொருளுக்கு அது தெரியாது. நல்ல பெட்டிகள் பலவற்றில் ஒரு ரிலே மின்சாரத்தை விடும், இன்னொன்று திசையைத் திருப்பும். மேலே சொன்ன டூ-வே உபாயமேதான்! வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: வைஃபை போனாலும் சுவர் ஸ்விட்ச் வேலை செய்ய வேண்டும்.

கைபேசியில் ‘பாதி இறக்கு’ என்கிறோம். மோட்டாரின் பல்சக்கரம் எண்ணிய எண்ணிக்கையை வெளியே சொல்ல வழியில்லை. ஆகவே பெட்டி நேரத்தை எண்ணுகிறது. முதலில் திரையை ஒருமுறை முழுக்க ஏற்றி இறக்கிப் பார்க்கும். மோட்டார் இழுக்கும் மின்சாரம் விழுந்ததும் எல்லை வந்துவிட்டது என்று அறியும். முழுதும் இறங்க 28 நொடி என்றால் பாதிக்கு 14 நொடி. இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. 38 மில்லிமீட்டர் குழாயில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள துணி 2 மீட்டர் சுற்றியிருந்தால், சுருட்டின் விட்டம் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர். முதல் சுற்றில் சுமார் 16 சென்டிமீட்டர் துணி இறங்கும். கடைசிச் சுற்றில் 12 தான். மொத்தம் 14 சுற்று. பாதி நேரத்தில் 7 சுற்று முடியும்போது துணி 100 சென்டிமீட்டரில் நிற்காது, 107-க்குப் போயிருக்கும். தனி ஜன்னலில் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து ஜன்னலின் திரை வேறு தடிமன் துணி என்றால் இரண்டின் கீழ்விளிம்பும் ஒரே கோட்டில் நிற்காது; வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். ஏறும்போது எடை இழுப்பதால் வரும் சிறு தாமதமும் சேர்ந்துகொண்டே போகும். முழுதாக ஒருமுறை திறந்தாலோ மூடினாலோ பிழை பூஜ்யமாகும்.

பேட்டரியிலும் 24 வோல்ட்டிலும் ஓடும் டிசி மோட்டார்கள் இந்த விஷயத்தில் மேல். அவற்றில் சென்சார் தண்டின் சுற்றைத் தானே எண்ணிச் சொல்லும். திசை மாற்ற பிளஸ், மைனஸைப் புரட்டினால் போதும். கன்டென்சர் கதை எதுவும் இல்லை.

ரேடியோ ரிமோட்டோடு வரும் 230 வோல்ட் மோட்டார்களில் ரிலே உள்ளேயே இருக்கிறது. அவற்றுக்கு எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டும். அவற்றின் முன்னால் ஆட்டோமேஷன் பெட்டியைப் போட்டு மின்சாரத்தைத் துண்டித்தால் மோட்டார் செவிடாகிவிடும். சில தயாரிப்புகளில் மின்சாரத்தைக் குறித்த இடைவெளியில் இருமுறை துண்டிப்பதுதான் பழைய ரிமோட்டை மறக்கச் செய்யும் முறையின் முதல் படி. சும்மா போட்டு அணைத்து விளையாடினால் அந்த நிலைக்குள் போய் நிற்கக்கூடும்.

கடைசியாக, திரை எங்கே நிற்க வேண்டும் என்று சதவீதத்தில் சொல்லும் எண்கள். வெவ்வேறு நிறுவனப் பொருள்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று 2022-இல் வந்த மேட்டர் தரம், முதல் பதிப்பிலேயே ஜன்னல் திரைகளைச் சேர்த்துக்கொண்டது. அதில் 100 என்றால் முழுதும் மூடியது. ஐரோப்பியக் கட்டடங்களில் பழகிய கேஎன்எக்ஸ் என்ற கட்டுப்பாட்டு முறையிலும் அப்படித்தான். வீட்டுச் சாதனங்களை இயக்கும் மென்பொருள்களான ஹோம் அசிஸ்டன்டிலும் ஆப்பிள் ஹோம்கிட்டிலும் 100 என்றால் முழுதும் திறந்தது. நடுவில் யாராவது திருப்பிச் சொல்லியாக வேண்டும். பொருத்திக் கொடுப்பவர் 50 என்று போட்டுக் காட்டி ‘சரியா நிக்குது பாருங்க சார்’ என்பார். எந்த முறையிலும் 50 பாதிதான். 30 போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.