சிப்பாய்: சொல் விளக்கம்

பாரசீகத்தில் 'சிபாஹ்' என்றால் படை. 'சிபாஹி' என்றால் படையைச் சேர்ந்தவர். உஸ்மானியப் பேரரசில் சிபாஹி ஒரு குதிரை வீரர். அரசு ஒதுக்கிய நிலத்தின் வருவாயில் வாழ்ந்து, போர் வந்தால் குதிரையோடு போய் நிற்பார். இந்தியாவில் ஐரோப்பியக் கம்பெனிகள் படை திரட்டியபோது, அதே சொல் மாதச் சம்பளத்துக்குத் துப்பாக்கி ஏந்திய உள்ளூர்க் காலாளுக்கு வந்தது. தமிழில் அது சிப்பாய் ஆனது.

நிலம் போய்ச் சம்பளம் வந்தது. ஆனால் சம்பளத்துக்குச் சேர்ந்தவர் ஊரையும் சமயத்தையும் வாசலில் விட்டுவிட்டு வரவில்லை. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதைப் புரிந்துகொள்ளாததன் விளைவு வேலூரில் தெரிந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்று சென்னைப் படையில் உத்தரவு வந்தது. அணிவகுப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது அதிகாரிகளின் நினைப்பு. சிப்பாய்க்கோ அது தன் வீட்டாரும் ஊராரும் தன்னை ஏற்பார்களா என்ற கேள்வி. 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் கிளர்ச்சி வெடித்தது. கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பத்துக்கும் இதில் தொடர்பு பேசப்பட்டது. கிளர்ச்சி கொடூரமாக ஒடுக்கப்பட்டது. ஆனாலும் தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்க், தளபதி ஜான் கிராடக் இருவரையும் கம்பெனி திருப்பி அழைத்துக்கொண்டது.

1857 போராட்டத்தைச் 'சிப்பாய்க் கலகம்' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. விவசாயிகளும் ஜமீன்தார்களும் சேர்ந்த ஒன்றை அந்தப் பெயர் படைமுகாம் சண்டையாகச் சுருக்கிவிடுகிறது.

சரி, ராணுவத்தில் இருப்பவரைப் பொதுவாகத் தமிழில் என்ன சொல்லலாம்? சங்க இலக்கியத்தில் போர்வீரரைக் குறிக்கும் 'மறவர்' இன்று ஒரு சமூகத்தின் பெயர். பொதுச்சொல்லாக இனி எடுபடாது. 'போர்வீரர்' போர்க்களத்தையே நினைவூட்டுகிறது. ராணுவத்தில் சமைப்பவரும் வண்டி ஓட்டுபவரும் உண்டு. 'படைவீரர்' எல்லாருக்கும் பொருந்துகிறது, மொத்தமாகச் சொல்லும்போது 'படையினர்'. இவற்றில் வரும் 'அர்' ஈறு ஆண், பெண் இருவருக்கும் பொது. இது இன்று தேவை: 2021 மே மாதம் பெங்களூருவில் ராணுவக் காவல் பிரிவுக்கான பயிற்சியை 83 பெண்கள் முடித்தார்கள். அதிகாரி நிலைக்குக் கீழே அந்தப் பிரிவில் சேர்ந்த முதல் பெண்கள் அணி அது. 'படைவீரன்' என்று எழுதிப் பழகிய கை இனி மாற வேண்டும்.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'இராணுவச் சிப்பாய்' இன்றும் சாதாரண வழக்கு. அங்கே அதை மாற்ற அவசியமில்லை. இந்திய ராணுவத்தின் காலாட்படையில் சிப்பாய் என்பது நாயக், ஹவில்தார் போல ஒரு பதவிப் பெயர். ஒருவரின் பதவியைச் சொல்லும் இடத்தில் சிப்பாய் என்றே எழுதுங்கள். பொதுவாகப் பேசும் இடத்தில் படைவீரர் போதும்.