ஸ்டீராய்டு தொடங்குமுன் குடலில் பார்க்க வேண்டிய புழு

முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டு எழுதும்போது டாக்டர் சர்க்கரை பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார், காசநோய் வந்ததுண்டா என்று கேட்பார். குடலில் புழு இருக்கிறதா என்ற கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. அது வந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்பது அந்தப் புழுவின் பெயர். பெண்புழு 2 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். சிறுகுடலின் உட்சுவரில் புதைந்து வாழும். உலகில் சுமார் 60 கோடிப் பேரிடம் இது இருப்பதாக மதிப்பீடு. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தால் இளம்புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாயில் ஏறி, சளியோடு விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேரும். கொக்கிப்புழு வருவதும் இதே வழியில்தான்.

ஆனால் கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியேறி மண்ணில் பொரிய வேண்டும். உள்ளே இருக்கும் புழுக்கள் ஆயுள் முடிந்து செத்தால் அதோடு தீர்ந்தது. ஸ்ட்ராங்கிலாய்டஸின் முட்டையோ குடலிலேயே பொரிந்துவிடும். ஆண்புழுவின் துணைகூட அதற்குத் தேவையில்லை. இளம்புழுக்களில் பெரும்பாலானவை மலத்தோடு போய்விட, சில மட்டும் குடலுக்குள்ளேயே முதிர்ந்து, பெருங்குடல் சுவரையோ ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலையோ துளைத்து அதே உடம்புக்குள் திரும்ப நுழையும். மறுபடி நுரையீரல், மறுபடி குடல். மண்ணை மிதிக்காமலே தலைமுறைகள் பெருகும்.

இது எத்தனை காலம் நீடிக்கும்? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்த பிரிட்டிஷ் வீரர்கள் 2072 பேரை, போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து லிவர்பூலில் பரிசோதித்தார்கள். 248 பேரிடம் இந்தப் புழு இருந்தது. அவர்களில் பலர் சயாம்-பர்மா ரயில்பாதையில் வேலை செய்தவர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட நம் தமிழர்கள் மடிந்த அதே பாதை.

இத்தனை ஆண்டுகள் பெரிய தொல்லை இல்லாமல் இருந்ததற்குக் காரணம், ஈசினோபில் முதலிய நோய் எதிர்ப்பு அணுக்கள் புழுவின் எண்ணிக்கையை அடக்கியே வைத்திருந்ததுதான். ஸ்டீராய்டு மூட்டின் வீக்கத்தைத் தணிக்கும்போது இந்தக் காவலையும் தளர்த்திவிடுகிறது. இளம்புழு வேகமாக முதிரவும் அது தூண்டலாம் என்று ஒரு கருத்து உண்டு. அப்புறம் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் புழுக்கள் குடல்சுவரைத் துளைக்கும்.

உயிரைப் பறிப்பது பல சமயம் புழுகூட அல்ல, அது சுமந்து வரும் குடல் பாக்டீரியாக்கள். ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்றவை குடலுக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் சாது. இளம்புழுவின் உடலில் ஒட்டிக்கொண்டும் அது துளைத்த ஓட்டை வழியாகவும் ரத்தத்தில் கலந்தால் இதே பாக்டீரியாக்கள் நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும். ஸ்டீராய்டு எடுப்பவரின் மூளைத் தண்டுவட நீரில் குடல் பாக்டீரியா தென்பட்டால் அனுபவமுள்ள டாக்டர் உடனே மலத்தில் புழுவைத் தேடுவார். புழு இருந்தால் வழக்கமாக உயரும் ஈசினோபில் எண்ணிக்கை இந்தக் கட்டத்தில் உயராமலே இருக்கலாம் என்பதால் அதைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பக் கூடாது.

ஒரே ஒரு மலப் பரிசோதனையும் போதாது. இளம்புழுக்கள் தினமும் வெளியேறுவதில்லை. வெவ்வேறு நாட்களில் எடுத்துப் பார்க்க வேண்டும், அல்லது இந்தப் புழுவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையான அல்பென்டசோல் ஒருவேளை போட்டால் இந்தப் புழு ஒழியாது. இதற்குச் சரியான மருந்து ஐவர்மெக்டின். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வயல்வேலை, செங்கல்சூளை, தோட்டவேலை என்று மண்ணில் கால் பதித்தவர்கள், எத்தனை வருடம் முன்பானாலும், ஸ்டீராய்டு தொடங்குமுன் இதை டாக்டரிடம் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு என்று கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரையிலும் பெயர் தெரியாத பொடியிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், அதையும் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துப் பயந்து மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டை இயல்பாகச் சுரப்பது அட்ரினல் சுரப்பி; நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்தவரிடம் அது தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும்; அது மீண்டும் சுரக்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.