அப்செட்: தமிழில் கவிழ்ப்பு

"மேட்ச் பார்த்து ரொம்ப அப்செட் ஆயிட்டேன்" என்று நாம் சொல்கிறோம். அதே மேட்சை ஆங்கில வர்ணனையாளர் "பெரிய அப்செட்" என்கிறார். நாம் சொல்வது மனசை, அவர் சொல்வது ஸ்கோரை. தோற்கக் கூடாத அணி தோற்பதற்கும், அதைப் பார்த்தவன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் மனசுக்கு மட்டும் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டோம். ஆட்டத்துக்கு நம் விளையாட்டுப் பக்கங்கள் எழுதுவது 'அதிர்ச்சித் தோல்வி'. அதில் எனக்கு ஒரு குறை உண்டு, பிறகு வருகிறேன்.

முதலில் பிறப்பு. 'அப்' என்றால் மேலே, 'செட்' என்றால் வைத்தல். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குத் தூக்கி நிறுத்துதல் என்று பொருள். ஆமாம், இன்றைய பொருளுக்கு நேர் எதிர். நமக்கு இது புதிதல்ல. பூவின் மணத்தைச் சொன்ன 'நாற்றம்' இன்று எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். வண்டியும் படகும் குடை சாய்வதற்கு 'அப்செட்' என்று சொல்லும் வழக்கம் பிற்பாடு வந்தது. மனம் கலங்குவதும் வயிறு கலங்குவதும் அதன் கிளைகள்.

விளையாட்டுப் பொருளுக்கு ஒரு சுவையான கதை சொல்வார்கள். மேன் ஓ வார் என்ற அமெரிக்கக் குதிரை 21 பந்தயங்களில் ஓடி 20இல் வென்றது. அது தோற்ற ஒரே பந்தயம் 1919 ஆகஸ்ட் 13 அன்று நியூயார்க் மாநிலத்தின் சரடோகாவில் நடந்தது. அதை வென்ற குதிரையின் பெயர் அப்செட்! அன்றிலிருந்துதான் எதிர்பாராத தோல்விக்கு அந்தப் பெயர் வந்ததாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. 1877லேயே நியூயார்க் டைம்ஸ் குதிரைப் பந்தயச் செய்தியில் இந்தப் பொருளில் சொல் வந்துவிட்டது. சொல்லுக்கு ஏற்றபடி நடந்துகொண்டது குதிரை, அவ்வளவுதான்.

இந்தச் சொல் ஓய்வில்லாமல் வேலை செய்யும் இடம் அமெரிக்க பேஸ்பாலின் அக்டோபர் மாதம். ஆறு மாதங்களில் ஒவ்வொரு அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அதில் தேறும் அணிகள் பிளேஆஃப் சுற்றுகளுக்குப் போகின்றன. 2022 முதல் 12 அணிகளுக்கு இடம். முதல் சுற்றில் 3 ஆட்டங்கள், அடுத்ததில் 5, அதற்கு மேல் இரண்டு சுற்றுகளில் 7. பாதிக்கு மேல் யார் வெல்கிறாரோ அவர் முன்னேறுவார். ஆறு மாத உழைப்பை ஒரே வாரத்தில் பறிகொடுக்க இந்த ஏற்பாடு போதும்.

2023ஐ எடுத்துக்கொள்வோம். 100 வெற்றிகளைத் தொட்ட அணிகள் மூன்று: அட்லாண்டா 104, பால்டிமோர் 101, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் சரியாக 100. மூன்றும் தாங்கள் ஆடிய முதல் தொடரிலேயே வெளியேறின. மூன்றும் சேர்ந்து வென்றது ஒரே ஓர் ஆட்டம், அதுவும் அட்லாண்டா வென்றது.

டாட்ஜர்ஸ் கதைதான் கொடுமை. எதிரே அரிசோனா, 84 வெற்றி. அதே பிரிவில் டாட்ஜர்ஸுக்கு 16 வெற்றி பின்தங்கி முடித்த அணி. டாட்ஜர்ஸின் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். பந்து வீச வந்தவர் கிளேட்டன் கெர்ஷா, ஆண்டின் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதை மூன்று முறை வாங்கியவர். அரிசோனாவின் முதல் ஆட்டக்காரர் அடித்த பந்து நடுக்களத்தில் நின்றவரின் கையுறையில் பட்டு நழுவியது. சரி, போகட்டும் என்று நினைப்பதற்குள் அடுத்த அடி, அதற்கடுத்த அடி. ஐந்தாவது ஆள் ஹோம் ரன், அதாவது பந்து வேலிக்கு வெளியே. ஒருவர்கூட அவுட் ஆகாமலே ஐந்து ரன். கடைசியில் ஒரே ஒருவரை அவுட்டாக்கிவிட்டு, ஆறு ரன் கணக்கோடு கெர்ஷா மைதானத்தை விட்டு வெளியேறினார். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸே முடியவில்லை. டிக்கெட் வாங்கி வந்து இன்னும் இருக்கையில் சரியாகச் சாயாதவர்களுக்கு ஆட்டம் முடிந்துவிட்டது. 11-2. மூன்றாவது ஆட்டத்தில் அரிசோனாக்காரர்கள் ஒரே இன்னிங்ஸில் நான்கு ஹோம் ரன் அடித்து, தொடரை 3-0 என்று முடித்தார்கள். அந்த அணி இறுதித் தொடர் வரை போய் டெக்சஸிடம்தான் தோற்றது.

தனியொரு வருடக் கூத்து என்றும் தள்ள முடியாது. 2001இல் சியாட்டில் 116 ஆட்டங்கள் வென்றும் இறுதித் தொடரை எட்டவில்லை. 2006இல் வெறும் 83 வெற்றியோடு வந்த செயின்ட் லூயிஸ் கோப்பையைத் தூக்கியது.

ரசிகர்கள் காரணம் தேடுவார்கள். மேல்வரிசை அணிகளுக்கு முதல் சுற்றில் ஆட்டம் இல்லை, அந்த ஓய்வில்தான் கை துருப்பிடித்துவிடுகிறது என்பது டாட்ஜர்ஸ், அட்லாண்டா பக்கத்து வாதம். எனக்குக் கணக்கே போதும் என்று தோன்றுகிறது. பேஸ்பாலில் மிகச் சிறந்த அணியே வழக்கமாகப் பத்து ஆட்டத்தில் ஆறு சொச்சம்தான் ஜெயிக்கும்; ஆறு என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட அணி 5 ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு 100க்கு 68. 7 ஆட்டமானால் 71. மூன்று தொடரையும் வரிசையாக வென்று கோப்பை தூக்க 34 தான். அதாவது பந்தயத்தில் எல்லாரும் பணம் கட்டுகிற அணி, மூன்று வருடத்தில் இரண்டு வருடம் வெறுங்கையோடு வீடு திரும்பும்.

இங்கேதான் 'அதிர்ச்சித் தோல்வி' எனக்கு உறுத்துகிறது. வருஷா வருஷம் நடப்பதில் என்ன அதிர்ச்சி? போதாததற்கு அந்தச் சொல் தோற்றவன் பக்கமே நிற்கிறது. அரிசோனா செய்த காரியத்தைச் சொல்ல அதில் வினையே இல்லை. 'மண்ணைக் கவ்வியது' தேர்தல் மேடைக்குப் பொருந்தும், ஆனால் கொஞ்சம் ஏளனம் ஒட்டியிருக்கிறது. 'யானைக்கும் அடி சறுக்கும்' கச்சிதம்தான், ஆனால் பழமொழியைத் தலைப்பில் எத்தனை முறை போடுவது?

நம்மிடம் 'கவிழ்' இருக்கிறது. லாரி கவிழ்கிறது, ஆட்சி கவிழ்கிறது. பெரியது, பாரம் ஏற்றியது, நிலையாக நிற்பதாகத் தெரிந்தது எல்லாமே கவிழும். வென்றவனுக்குக் கவிழ்த்தான், தோற்றவனுக்குக் கவிழ்ந்தான், செய்திக்குக் கவிழ்ப்பு. இன்னொன்றும் உண்டு: தோற்றவன் தலை கவிழ்கிறான். "காணின் குவளை கவிழ்ந்து நிலன்நோக்கும்" என்கிறது குறள் (1114). அவள் கண்ணுக்கு ஈடாக மாட்டோம் என்று குவளைப் பூ தலையைத் தொங்கப்போடுகிறதாம். போட்டியில் தோற்ற முகம் அது, இரண்டு பொருளும் ஒரே வேரில்.

பேச்சு வழக்கு இன்னும் ஒரு படி மேலே. நம்பியவன் கைவிட்டால் "கவுத்திட்டான்யா" என்கிறோம். 100 ஆட்டம் ஜெயித்த அணி மூன்றே ஆட்டத்தில் நடையைக் கட்டும்போது ரசிகனுக்கு வாயில் வருவது அதுதான்: "இந்த வருஷமும் கவுத்திட்டானுங்க." ஆங்கில அப்செட் இரண்டு வாக்கியத்தில் சொல்வது இதில் ஒரே வினையில் முடிகிறது.

ஆகவே 'டாட்ஜர்ஸைக் கவிழ்த்தது அரிசோனா' என்று தலைப்பு போடலாம். உள்ளே 'அக்டோபரின் மூன்றாவது கவிழ்ப்பு' என்று எழுதலாம். மனசுக்கு 'நொந்துபோனேன்' இருக்கிறது, 'முகம் வாடியது' இருக்கிறது. வயிற்றுக்கு மட்டும் 'கவிழ்ப்பு' ஆகாது, அங்கே பழையபடி 'வயிறு சரியில்லை' என்றே சொல்லிக்கொள்ளலாம்.