கன்றின் ரத்தத்தில் மூன்று 'எச்'

ரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் எல்லாருடைய கண்ணும் போவது 'எச்' (அளவு கூடுதல்), 'எல்' (அளவு குறைவு) என்ற எழுத்துகளுக்குத்தான். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மாடு வளர்க்கும் ஒருவர் இரண்டு தாள்களோடு வந்தார். ஒன்று அவருடைய கெடா-கிளந்தான் என்ற உள்ளூர் இனப் பசுவினுடையது, எல்லாம் சரியாக இருந்தது. மற்றது சில நாள் முன் பிறந்த மஃப்ரிவால் என்ற கலப்பினக் கன்றினுடையது. "டாக்டர், மூணு எடத்துல எச் போட்டிருக்கு. கலப்பு மாட்டு ரத்தமே இப்படித்தானா? ஈரல் போச்சா?"

அந்த மூன்றும் ஜி.ஜி.டி, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (இரண்டும் ஈரல் கெட்டாலும் கூடும் நொதிகள்), பாஸ்பரஸ். சீம்பாலில் ஜி.ஜி.டி மிக அதிகம். கன்று வயிறார சீம்பால் குடித்தால் அது ரத்தத்திலும் ஏறும். அதாவது, அவர் பயந்த எண் உண்மையில் நல்ல செய்தி! மற்ற இரண்டும் எலும்பு வளரும் வயதில் கூடுதலாகவே இருக்கும். தாளில் அச்சடித்திருந்த அளவு வளர்ந்த மாட்டுக்கானது. வயது வித்தியாசத்தை இன வித்தியாசம் என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

இனத்துக்கு இனம் வேறுபாடே இல்லை என்று சொல்லவில்லை. கெடா-கிளந்தான் சிறிய உடல்வாகு, வெயில் தாங்கும், பாலும் குறைவு. மஃப்ரிவாலில் பிரீசியனும் சாகிவாலும் கலந்திருக்கின்றன, பால் அதிகம். கன்று ஈன்றதும் பாலுக்காகச் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்கி, மாடு எழ முடியாமல் படுத்துவிடும் ஆபத்து அதிகக் கறவை மாட்டுக்கே. ஆனால் ஒன்று செம்பனை அடியில் புல் மேய்கிறது, மற்றது கொட்டகையில் செம்பனைப் புண்ணாக்கு தின்கிறது என்றால், ரத்த யூரியாவில் தெரிவது பெரும்பாலும் தீவனம்தான். புண்ணாக்குப் பேச்சு வந்ததால் ஒன்று: இதையே செம்மறி ஆட்டுக்கு மாதக்கணக்கில் போடாதீர்கள். அதிலுள்ள செம்பு ஈரலில் தேங்கி ஆட்டைக் கொல்லும், மாடு அதைவிட நன்றாகத் தாங்கும்.

ரத்தம் எடுக்கும் விதமும் எண்ணை மாற்றும். ஒரு மாட்டுக்குக் கழுத்து நரம்பிலும் இன்னொன்றுக்கு வால் நரம்பிலும் எடுத்துவிட்டு பாஸ்பரஸை ஒப்பிடக்கூடாது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் பாஸ்பரஸை இழுத்துக்கொள்வதால் கழுத்து ரத்தத்தில் அது குறைவாகத்தான் காட்டும். மிரண்டு துள்ளிய மாட்டுக்குச் சர்க்கரை ஏறும். குழாயை மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டு வெயிலில் குலுக்கிக்கொண்டு வந்தால் சிவப்பணு உடைந்து, மேலே தெளியும் நீர் வைக்கோல் நிறத்துக்குப் பதில் ரோஜா நிறமாக இருக்கும். அந்த ரத்தத்தில், ஈரலிலும் சிவப்பணுவிலும் உள்ள ஏ.எஸ்.டி என்ற நொதி கூடியிருந்தால் நான் ஈரலைச் சந்தேகிக்க மாட்டேன், மறுபடி எடுக்கச் சொல்வேன்.

படிவத்தில் 'மாடு' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். இனம், வயது, சினையா, கன்று ஈன்று எத்தனை நாள், என்ன தீவனம், எந்த நரம்பு என்று எழுதுங்கள். முடிந்தால் அதே இனம், அதே வயது, அதே கறவை நிலையில் நன்றாக இருக்கும் இன்னொரு மாட்டின் ரத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள். செலவு கூடும்தான். ஆனால் அச்சடித்த அளவைவிட அந்த மாட்டின் தாள்தான் எனக்கு அதிகம் உதவுகிறது.