காலை வாரும் மரபுத்தொடர்கள்

ஸ்பானியம் பேசும் ஒருவர் ஆங்கிலம் கற்கும்போது எந்த மரபுத்தொடரில் தடுக்கி விழுவார்? தன் மொழியில் இல்லவே இல்லாத ஒன்றில்தான் என்று தோன்றும். 1986இல் சூசன் இருஹோ என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி பெற்ற வெனிசுவேலா மாணவர்கள் 12 பேர், மரபுத்தொடர்கள் 45. அவற்றில் 15 இரு மொழியிலும் ஒன்றே, 15 கிட்டத்தட்ட ஒன்று, 15 முற்றிலும் வேறு.

ஒன்றேயாக இருந்தவை சுலபம். முற்றிலும் வேறானவை கடினம்தான். ஆனால் அவற்றில் தாய்மொழி அவ்வளவாகக் குறுக்கே வரவில்லை. நடுவில் இருந்தவைதான் வேடிக்கை. படித்தால் புரிந்தது, சொல்லச் சொன்னால் ஸ்பானியம் உள்ளே புகுந்துவிட்டது.

படிக்கும்போது பாதி தெரிந்தால் போதும், மீதியைச் சூழல் நிரப்பிவிடும். பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் நாமே எடுத்து வைக்க வேண்டும். எதையோ உளறிச் சங்கடத்தில் மாட்டுவதை ஆங்கிலத்தில் பாதத்தை வாயில் வைப்பது என்பார்கள். ஸ்பானியத்தில் அது 'மெத்தேர் லா பாத்தா': காலை உள்ளே விடுவது, அதுவும் விலங்கின் காலை. இரண்டும் கலந்தால் முழுக் காலும் வாய்க்குள் போய்விடும்! அறவே தெரியாத தொடர் என்றால் தயங்குவோம். பாதி தெரிந்ததில் அந்தத் தயக்கமே எழுவதில்லை.

வாக்கியத்தை மாற்றி எழுதுவதில் சிக்கல் வேறு மாதிரி. கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் ஒரு வாக்கியமும் ஒரு சொல்லும் தருவார்கள். அந்தச் சொல்லை மாற்றாமல் சேர்த்து, 2 முதல் 5 சொற்களில் அதே பொருளைக் கொண்டுவர வேண்டும். 'ஐ காண்ட் டாலரேட் திஸ் நாய்ஸ்', தந்த சொல் 'புட்' என்று வைத்துக்கொள்வோம். 'டாலரேட்' ஸ்பானியம் பேசுபவர்களுக்குச் சொந்தக்காரச் சொல். ஸ்பானியத்தில் 'தொலெரார்', இரண்டுக்கும் மூலம் லத்தீன். விடையோ 'புட் அப் வித்'. அதற்குக் கைகொடுக்க ஸ்பானியத்தில் எதுவும் இல்லை.

ஆங்கிலம் திசையைத் துணைச்சொல்லில் வைக்கிறது: கோ அப், கோ டவுன், கோ அவுட். ஸ்பானியம் வினைக்குள்ளேயே வைக்கிறது: சுபீர், பஹார், சலீர். (நாமும் ஏறு, இறங்கு, வெளியேறு என்று அதே கட்சிதான்.) மொழிகளை இப்படிப் பிரித்துக் காட்டியவர் மொழியியலாளர் லியனார்ட் டால்மி. அதனால் 'அப்', 'வித்' போன்ற குட்டிச் சொற்களில் ஸ்பானியர் அர்த்தத்தைத் தேடிப் பழகியிருப்பதில்லை. 'புட்' தெரியும், 'அப்' தெரியும், 'வித்'தும் தெரியும். சேர்த்துப் பார்த்தால் பொறுத்துக்கொள்வது என்று எப்படி ஊகிப்பது? ஊகிக்க வழியில்லை. மூன்றையும் ஒரே வினையாக, ஒரு முழு வாக்கியத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.